சூடு வரும் இடம்

சூடு ஏறினால் அது அணைந்துவிடும். முன்னறிவிப்பு கிடையாது. ஏதோ ஓர் அமெரிக்க ஊரில் குளியலறையில் வழுக்கி விழுந்த கிழவரின் இடுப்பெலும்பைப் பற்றிக் கலைவாணி படித்துக்கொண்டிருப்பாள். திரை கறுத்துவிடும். கறுத்த திரையில் அவள் முகமும், பின்னால் கொடியில் தொங்கும் அப்பாவின் சட்டையும் தெரியும். லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி டேபிள் ஃபேனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெங்களூரிலிருந்து டீம் லீடர் கூப்பிடுவார். கரண்ட் போய்விட்டது என்பாள். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் கரண்ட் என்ற ஒன்றே கிடையாது என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

அவள் செய்வது மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளின் அறிக்கைகள் வரும். என்ன நோய், என்ன அடி, எப்படிப் பட்டது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். அதை வைத்து அங்கே இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தருவார்கள். ஏணியிலிருந்து விழுந்ததற்கு ஒரு குறியீடு, மரத்திலிருந்து விழுந்ததற்கு வேறொன்று. அவள் அப்பா வெங்கடசாமி இந்த மாங்காய்ப் பருவத்தில் மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது அவருக்கு உரிய குறியீடு அவளுக்குத் தெரிந்திருந்தது. அவரைப் புத்தூர் எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போய், எண்ணெயும் முட்டையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குக் குறியீடு கிடையாது.

லேப்டாப்புக்குப் பத்து வயது. வீடு ஆந்திராவில். அவள் படித்த தமிழ்ப் பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம். சைக்கிளில் போய்வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்நாட்டு அரசு எல்லாருக்கும் லேப்டாப் கொடுத்தது. மூடியின் மேல் கோபுரச் சின்னம். அன்றைக்கு அவள் அம்மா செங்கம்மா களையெடுக்கப் போகாமல் பள்ளிக்கு வந்து, அதை மடியில் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தாள். எதிர்வீட்டு லட்சுமம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அரிசி இந்த கவர்மெண்டு, லேப்டாப்பு அந்த கவர்மெண்டு. ரெண்டு மாமன் சீரு வருது உம் பொண்ணுக்கு" என்றாள்.

பிறகு புத்தூரில் கல்லூரி. திருப்பதியில் கோடிங் பயிற்சி. பெங்களூரில் வேலை. அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டர் இருந்ததால் லேப்டாப், வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் பழைய புடவை சுற்றிக் கிடந்தது. கொரோனா வந்தது. ஒரு தோள்பையுடன் ஊருக்கு வந்தவளிடம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். புடவையை அவிழ்த்து எடுத்தாள். சில வாரங்களுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜர் ஒயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். திரையைத் தாங்கும் கீல் உடைந்து, திரை மல்லாந்து விழத் தொடங்கியபோது வெங்கடசாமி ஒரு கையாலேயே இரண்டு மூங்கில் பத்தைகளைச் சீவி, நாடாத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். முடிச்சை மட்டும் பல்லால் கடித்து இழுத்தார். "அசைக்காத. கூடிக்கும்" என்றார்.

இப்போது ஆபீஸ் திறந்துவிட்டது. கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்புகிறவர்களின் கம்ப்யூட்டரை இணையம் வழியாகச் சோதித்துப் பார்ப்பார்கள். வேகம் போதுமா, கேமரா தெளிவா, ஒரு மணி நேரம் அணையாமல் ஓடுகிறதா. தேறினால் வீட்டிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் திங்கட்கிழமை பெங்களூர் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். சோதனை சனிக்கிழமை.

வீட்டில் இரண்டே பேச்சுதான் இருந்தது. பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா.

புதுசு என்பது வெங்கடசாமியின் கட்சி. ஒருமுறை கம்பிச் சுருள் எரிந்த மோட்டார் எந்தக் காலத்திலும் ஒழுங்காகத் தண்ணீர் ஏற்றாது, இதுவும் அப்படித்தான் என்றார். செங்கம்மாவுக்குப் பழசை விட மனம் இல்லை. அது வந்த பிறகுதான் வீட்டுக்குச் சோறு ஒழுங்காக வந்தது, அதற்கு ஒரு ராசி இருக்கிறது.

"ஒன் கை ஒடிஞ்சிதே, ஒன்ன தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கினனா?" என்று கேட்டாள்.

"வாங்கிருப்ப. கடையில கெடைக்கல" என்றார் அவர்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை யாரும் பேசவில்லை. சோதனையில் தேறாமல் போவது. திங்கட்கிழமை பெங்களூரில் இருப்பது. கலைவாணிக்கு வேண்டியது அதுதான்.

அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. யாமினியோடு ஓர் அறையில் இருந்தாள்; திருப்பதிப் பயிற்சியில் பழக்கமானவள். காலையில் பஸ் நிறுத்தம் வரை நடப்பாள். வேலை முடிந்தால் தெருமுனையில் நின்று எதையாவது தின்றுவிட்டு, வேண்டுமென்றே ஒரு தெரு சுற்றி வருவாள். எங்கே போனாய் என்று கேட்க ஆள் இல்லை. இங்கே பம்ப்செட் வரை நடந்தால் வழியில் எல்லாரும் கேட்டார்கள். அதனால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் பேசாத போனில் சரி சரி என்று சொல்லியபடி நடக்கப் பழகியிருந்தாள். பம்ப்செட், திரும்பினால் வீடு, மறுபடி பம்ப்செட். போன வாரம் யாமினி செய்தி அனுப்பியிருந்தாள்: கட்டில் காலியாகிறது, பேசி வைக்கட்டுமா? லேப்டாப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இவள் பதில் போட்டாள்.

போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல முடியவில்லை. செங்கம்மா பத்து வயதிலிருந்து அடுத்தவர் கொல்லையில் களையெடுத்தவள். விடிவதற்குள் ஆட்களோடு நின்று, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று முகம் பார்த்து, கூப்பிடாத நாட்களில் திரும்பி வந்தவள். வெளியே போய் வேலை செய்வது என்றால் அவளுக்கு அதுதான். தன் பெண் ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேலை செய்கிறாள், யாரும் கூப்பிட வேண்டியதில்லை, பணம் தானாகப் பாங்குக்கு வருகிறது என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். புத்தூர் சந்தையில் வாழைக்காய் விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஆகவே கலைவாணி வேறு வழி பார்த்தாள். ஆடிக்கு முன்பே வெங்கடசாமி, வா திருப்பதிக்குப் போய் ஒன்று வாங்கிவிடலாம் என்றார். பார்க்கலாம் என்றாள். மறுபடி கேட்டார். விலை இறங்கும் என்றாள். ஆடி பிறந்தது. ஆடியில் புதுச் சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது என்று செங்கம்மாவே சொல்லிவிட்டாள். அந்த வழி அடைபட்டது. இனி பழசு பிழைக்காது என்று ஒரு கடைக்காரன் வாயால் வந்தால் போதும். அவள் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. லேப்டாப் செத்தது, சோதனை தோற்றது, திங்கட்கிழமை ஆபீஸ் கூப்பிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்குக் கிளம்பினாள். செங்கம்மா லேப்டாப்பைப் பழைய புடவையில் சுற்றிக் கொடுத்து, பஸ்ஸில் காலடியில் வைக்காதே என்றாள். மடியிலேயே வைத்திருந்தாள். வடமாலப்பேட்டை தாண்டும்வரை மூங்கில் பத்தை தொடையில் குத்திக்கொண்டே வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பாதி லேப்டாப், பாதி கண்காணிப்புக் கேமரா. கடைக்காரர் திருமலைக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, வியாபாரத்துக்குத் தமிழ். புடவையை விலக்கியதும் அவர் சிரித்துவிட்டார். எதிர்க்கடைக்காரரைத் தெலுங்கில் கூப்பிட்டுக் காட்டினார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, புத்தூர் கட்டா?"

"எங்க நைனா கட்டினது."

"எண்ணெய், முட்டையெல்லாம் வெச்சாரா?"

அவள் சிரிக்கவில்லை. ரொம்பப் பழசு, சூடாகி அணைந்துவிடுகிறது, இனி ஓடாது என்று நினைக்கிறேன் என்றாள். அவர் அதைத் தூக்கி எடை பார்ப்பதுபோல் பிடித்தார்.

"ஓடாதுன்னு நீங்களே சொல்லிட்டா நான் எதுக்கு இருக்கறேன்? தெறந்து பாக்காம செத்துப்போச்சுன்னு சொல்ல மாட்டேன்."

புதிது வேண்டுமென்றாலும் எதிர்க்கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்றார். சிராவண மாதம் பிறந்துவிட்டது, எல்லாக் கடையிலும் தள்ளுபடி. எங்களுக்கு ஆடி என்றாள் அவள். புத்தூர் தாண்டினால் மாசமே மாறிவிடுகிறது என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டு திருப்புளியை எடுத்தார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். சந்தின் முனைவரை போய் வந்தாள். மொட்டைத் தலைகளில் சந்தனம் காயாத ஒரு குடும்பம் பஸ்ஸைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் எங்கிருந்தோ வந்து எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது லேப்டாப் வயிறு திறந்து கிடந்தது. நாடாத் துணியும் பத்தைகளும் ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. திருமலை அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேனுக்கும் காற்று வெளியேறும் துளைக்கும் நடுவில் செங்கல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. துரு என்று முதலில் சொன்னார். இடுக்கியால் கிள்ளி எடுத்தார். அது பொரி உருண்டையின் துண்டு மாதிரி பெயர்ந்து வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"சாம்பிராணி வாசனை அடிக்குது. எந்தக் கோயில்ல வெச்சிருந்தீங்க?"

கலைவாணி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மேலே சிவப்பு. கீழே மஞ்சள். நடுவில் கறுப்புப் பிசின்.

வீட்டில் வேலை தொடங்கிய வருடம் ஆயுதபூஜைக்குச் செங்கம்மா மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்துவிட்டு லேப்டாப்பிடம் வந்து நின்றாள். மாட்டுக்கு நெற்றியில் வைக்கிறோம், இதற்கு நெற்றி எது என்று கேட்டாள். கலைவாணி போனில் இருந்தாள், எங்கேயாவது வை என்று கையைக் காட்டினாள். செங்கம்மா அதைத் தடவிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு துளை வரிசையிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. மாட்டு மூக்குக்கு நேராகக் கை வைத்தால் வருவதுபோல. "உசுரு இங்கதான் கீது" என்று அங்கே மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்தாள். அடுத்த மாதம் சம்பளம் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வைத்தாள். சாம்பிராணிப் புகையைச் சுற்றிக் காட்டினாள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. சூடு அதிகமாக அதிகமாக அங்கே உயிர் அதிகம் என்று நினைத்து, பொட்டையும் பெரிதாக வைத்தாள்.

"நானும்தான் வெக்கறேன் கம்ப்யூட்டருக்கு" என்று திருமலை தன் மேஜையைக் காட்டினார். "ஸ்டாண்டு மேல. அது தின்னாது, குடிக்காது. வாயில போட்டா மூச்சு அடைக்கும் இல்ல?"

தூரிகையால் சுரண்டினார். ஊதினார். சிவப்பாகத் தூசி எழுந்து அவர் சட்டையில் விழுந்தது. கலைவாணி பார்த்துக்கொண்டே நின்றாள். இதோடு சேர்ந்து உள்ளே வேறு ஏதும் கருகியிருக்கும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். பாட்டரிதான் செத்துவிட்டதே என்றாள். பாட்டரி கடையில் இருந்தது. இதில் புது வேலையெல்லாம் ஓடாதே என்றாள். அதற்கு அவர் உள்ளே இருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, சீட்டுக் கட்டு அளவில் புது டிஸ்க் ஒன்றை எடுத்துக் காட்டினார். இதைப் போட்டு, நினைவகத்தையும் கூட்டினால் புதிது மாதிரி ஓடும். கீலும் மாற்றித் தருவார்.

"மூணு வருசம் கேரண்டியா ஓடும். வெள்ளிக்கிழமை பூஜை மட்டும் வேணாம்" என்றார்.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு சாமான் இருந்தது.

மத்தியானம் கடந்தது. மறுபடி பூட்டி முடித்த லேப்டாப்பை அவர் இயக்கினார். எழுத்துகள் வர நேரமாகும் என்று இவள் வழக்கம்போல் வேறு பக்கம் பார்க்கத் திரும்பினாள். அதற்குள் திரை வந்துவிட்டது. கம்பெனி முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு மாதிரிச் சோதனை கொடுத்திருந்தது. அதை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினாள். ஒரு மணி நேரம் அது அணையவில்லை. ஃபேன் சத்தமே வரவில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாகப் பச்சை வந்தது.

"இன்னாம்மா, பொழைச்சிடுச்சி. மூஞ்சில சந்தோசமே இல்ல?"

இருக்கிறது என்றாள். மூங்கில் பத்தைகளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் புத்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. அது போய்விட்டது. பெங்களூர் பஸ்கள் நிற்கும் பக்கம் போய், பலகைகளைப் படித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் ஒருவர் சீட் இருக்கிறது என்று கூப்பிட்டார். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். நாவல்பழம் வாங்கி, தின்னாமல் பையில் போட்டாள். அடுத்த புத்தூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் கிடைத்தும் நின்றுகொண்டே கொஞ்ச தூரம் வந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் அது தோன்றியது. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாளை வெள்ளிக்கிழமை. அதுவும் ஆடி வெள்ளி. அம்மா தலைக்குக் குளித்து, தட்டோடு வருவாள். இவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இந்தச் சோதனை தேறிவிடும், தேறட்டும். வாராவாரம் மஞ்சளும் குங்குமமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். தையிலோ மாசியிலோ ஒருநாள் அது மூச்சு முட்டி நிற்கும். அப்போது ஆபீஸ் கூப்பிடும். அம்மாவின் கையே அதைச் செய்து முடிக்கும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

அது நல்ல வழியாகத்தான் இருந்தது. வடமாலப்பேட்டையில் பஸ் நின்றபோதும் நன்றாக இருந்தது. புத்தூரில் இறங்கியபோது நன்றாக இல்லை.

வீட்டில் வெங்கடசாமி புதுக் கீலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். கட்டை அவிழ்த்தவன் யார் என்று கேட்டார். "எலும்பு கூடிச்சான்னு பாத்தானா, அப்பிடியே பிரிச்சிட்டானா?" என்றார். செங்கம்மா கேட்டது ஒன்றுதான்: ஓடுமா? ஓடும் என்றாள் கலைவாணி. செங்கம்மா உடனே எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சொன்னேனே, அதன் ராசி அப்படி என்று அவள் லட்சுமம்மாவிடம் சொல்வது இங்கே கேட்டது. என்ன கோளாறாம் என்று லட்சுமம்மா கேட்டாள். தெரியவில்லை, சூடாம் என்றாள் செங்கம்மா.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஈரத்தலையில் துண்டோடு தட்டை எடுத்து வந்தாள். சாம்பிராணி புகைந்தது. லேப்டாப் பாயின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. செங்கம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வழக்கம்போல் அந்தத் துளைக்கு நேராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இன்னா மே, சூடே இல்ல? ஓடுதா?"

"ஓடுது."

நம்பாமல் இன்னொரு முறை கை வைத்தாள். பிறகு வழக்கத்தைவிட அதிகமாக மஞ்சளைக் குழைத்தாள். விரல் துளையை நெருங்கியது. கலைவாணி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடிப்போம் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"வேணாம்மா. இதுதான் உள்ள போயி அடைச்சிக்கினு இருந்திச்சி. மஞ்சளும் குங்குமமும். அதான் சூடு."

செங்கம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நான் வெச்சதா?"

"ஆமா."

"ரெண்டு வருசமா நீ ஒரு வார்த்த சொல்லல."

"எனக்கே நேத்துதான் தெரியும்."

கட்டிலில் கையைக் கழுத்துத் தொட்டிலில் போட்டுக்கொண்டு படுத்திருந்த வெங்கடசாமி எழுந்து உட்கார்ந்தார். செங்கம்மா விரலில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள். இனி வைக்காமல் இருந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டாள். ஆகிவிடும் என்றாள் கலைவாணி. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். மணிக்கட்டை இன்னும் பிடித்திருந்தாள்.

"நாளைக்கு டெஸ்ட்ல இது பாஸாயிடும். ஆனா நான் பெங்களூர் போறேன்மா."

"பாஸாயிடும்னா இன்னாத்துக்குப் போவணும்?"

"போவணும்னு கீது எனக்கு."

"நான் எத்தினி நாளு போனேன். போவணும்னு இருந்திச்சின்னா போனேன்?"

செங்கம்மா கையை விடுவித்துக்கொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு, சாம்பிராணியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மண்வெட்டிக்கு வைத்தாள். அரிவாளுக்கு வைத்தாள். மிச்சமிருந்த மஞ்சளைக் குழாயடியில் கழுவினாள்.

சோறு போட்டாள், அழைக்கவில்லை. மதியத்துக்குமேல் லட்சுமம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் லேப்டாப் ஒருமுறைகூட அணையவில்லை. அறிக்கைகள் வரிசையாக வந்தன. கலைவாணி ஒரே அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள், வந்தாள். பம்ப்செட் வரை நடந்தாள். போனைக் காதில் வைக்க மறந்துவிட்டது. எதிரே வந்த ஊர்க்காரர் முனிசாமி எங்கே என்று கேட்டார். சும்மா என்றாள். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் போனார்.

அவள் திரும்பி வந்தபோது வெங்கடசாமி அவளுக்கு மட்டும் கேட்கும்படி, பஸ்ஸா ரயிலா என்று கேட்டார். இன்னும் தெரியாது நைனா என்றாள். ரயில் என்றால் ரேணிகுண்டா வரை தான் வந்து ஏற்றிவிடுவதாகச் சொன்னார். ஒரு கைதான் இல்லை, கால் இருக்கிறது.

சனிக்கிழமை சோதனை நேரம் நெருங்கியது. லேப்டாப் மூடியிருந்தது. கலைவாணி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதை எடுத்துப் போவது என்றும் முடிவு செய்யவில்லை, எல்லாவற்றையும் மடித்தாள். செங்கம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.

"அந்தப் பரீட்ச வெக்கலியா?"

"போறதுன்னு சொல்லிட்டேனே. வெச்சி இன்னாத்துக்கு?"

"வெய்யி."

"அம்மா."

"வெய்யி சொல்றேன். பெயிலாயிட்டா, மிஷின் ரிப்பேரு, அதனால போவுதுன்னு ஊர்ல பேசுவாங்க. பாஸாவட்டும். ஆடி முடியட்டும். ஆவணியில போ."

கலைவாணி மடித்த துணியைக் கீழே வைத்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். செங்கம்மா வந்து பாயின் ஓரத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். கேமரா விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் செங்கம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். நடுவில் ஒருமுறை புறங்கையைத் துளைக்கு நேராக நீட்டி, தொடாமல் பார்த்தாள். பச்சை வந்தது. அதற்குக் கீழே இன்னொரு பச்சை. கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. கலைவாணி அதைத் தமிழில் படித்துச் சொன்னாள்.

"நீ போனப்பறம் இது எங்க இருக்கும்?"

"இங்கதான். அங்க ஆபீஸ்ல வேற கொடுப்பாங்க."

செங்கம்மா எழுந்து போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தாள். திரையைத் தானே மூடினாள். மூடியின் மேல் கோபுரச் சின்னம் பாதி தேய்ந்திருந்தது. விரலைச் சிமிழில் தொட்டு, அந்த இடத்துக்கு மேலே நிறுத்தினாள்.

"இங்க வெச்சா?"

"ஒண்ணும் ஆவாது" என்றாள் கலைவாணி.